முதலையின் மூன்றாவது சாவு

கின்ஷாசாவில் மல்யுத்தக் கம்பெனியை விட்டு எவனும் உயிரோடு விலக முடியாது. எதிராளியின் மந்திரம் அவனைக் கொன்றுவிட்டதாக முதலாளி அறிவித்துவிடுவார். காலிச் சவப்பெட்டி ஊர்வலம் போகும். முன்னால் ட்ரம்பெட் ஊதுகிறவன் நான்.

எங்கள் மசினா பேட்டையின் 'முதலை' மபியாலா இரண்டு முறை செத்தவன். முதல் கம்பெனியில் செத்து, அடுத்ததில் முதலையின் தம்பியாக வந்தான். அங்கேயும் செத்து, மூன்றாவதில் தம்பியின் ஆவியானான். இரண்டு சாவுக்கும் பேட்டையே அழுதது, பீரும் குடித்தது.

போன வாரம் அவனுக்கு நிஜமாகவே மலேரியா வந்து படுத்துவிட்டான். அவ்வளவுதான், தெருவில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி! எங்கள் பேண்டையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

"வெறும் காய்ச்சல்தான்யா எனக்கு!" என்று கத்தினான்.

"நடிக்காதடா. எந்தக் கம்பெனிக்குத் தாவப் போற?" என்றாள் பக்கத்து வீட்டு விவின்.

"வாய மூடிட்டுப் படுய்யா, சனம் வந்தாச்சு" என்றாள் அவன் மனைவி.

நானும் ஊதித் தொலைத்தேன். என் பிழைப்பு அப்படி.

சத்தம் கேட்டு நான்காவது கம்பெனி முதலாளி ஒப்பந்தத்தோடு ஓடி வந்தார். "செத்துட்டியாமே, ரொம்ப சந்தோஷம்! திங்கக்கிழம வந்து சேந்துடு."

மபியாலா மாத்திரையை விழுங்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"அங்க நான் யாருக்குத் தம்பி?"