பிளானரின் மறுமுனை

மரம் இழைக்கும் பிளானருக்குள் பலகையைக் கொடுத்ததும் எவெர்ட் மறுமுனைக்கு ஓடினான். சீவல் குவியலை மிதித்து, பிளானருக்கும் கராஜ் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்து அந்தப் பக்கம் போவதற்குள், பலகை பாதிக்கு மேல் வெளியே வந்து தலை தொங்கிக் கிடந்தது. பிடித்துத் தூக்கினான். தூக்கியது ஒரு நொடி பிந்திவிட்டது. பலகையின் வால் முன்உருளையை விட்டு விடுபட்டதும் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு வால்பக்கத்தை விரலால் தடவினான். கடைசி நாலு விரற்கடையில் லேசான பள்ளம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலுக்குத் தெரிந்துவிடும். தொழிற்சாலையில் அதற்குக் கடி என்று பெயர். அவன் அங்கே வேலை பார்த்த காலத்தில் அவனுடைய பிளானரில் கடி விழுந்ததாக யாரும் குறை சொன்னதில்லை. அப்போது மறுமுனையில் பலகையை வாங்க சோல்வெய் நின்றாள்.

நாற்காலி, மேசை செய்த தொழிற்சாலை அது. முதலாளிகள் வேலையைக் கடல் தாண்டிக் கொண்டுபோனபோது ஆட்களைச் சம்பளக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். பழைய இயந்திரங்களை இரும்பு விலைக்குப் போட்டார்கள். எவெர்ட் அந்தப் பச்சைப் பிளானரைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அவனைவிட வயதில் மூத்த இயந்திரம். கராஜில் அது குடியேறியதும் கார் பனியில் நின்றது. மனைவி விட்டுப்போய் வெகு காலமாகிவிட்டதால் கேட்பாரும் இல்லை.

இயந்திரம் முழுக்க எண்ணெய் போட்டுத் துடைத்தான், பெல்ட்டை மாற்றினான், பிளேடுகளைத் தீட்டினான். ஓர் இடத்தில் மட்டும் கை வைக்கவில்லை. மறுமுனையில், இடுப்பு உயரத்தில், பச்சை பெயிண்ட் தேய்ந்து உள்ளங்கையளவு இரும்பு பளபளத்தது. சோல்வெய் இடுப்பைச் சாய்த்து நின்ற இடம். அந்தச் சத்தத்தில் இரண்டு பேரும் பேசியதே கிடையாது. அவள் தாடையை லேசாகத் தூக்கினால் 'அடுத்தது போடு' என்று அர்த்தம். புருவத்தை நெரித்தால் 'என்ன அவசரம் உனக்கு' என்று அர்த்தம். அந்தத் தாடைக்காக எவெர்ட் ஏங்கினான். சில நாள் சாயங்காலம் பலகை எதுவும் இல்லாமலே இயந்திரத்தை ஓடவிட்டு, எதிர்ப்பக்கத்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

இப்போது ஒரு வேலை வந்திருந்தது. புயலில் சாய்ந்த தேவாலயத்து பைன் மரங்களை அறுத்து, சபைக்கூடத்துக்கு நீள பெஞ்சுகள் செய்யக் கொடுத்திருந்தார்கள். அறுத்தவன் நீளத்துக்கு ஒரு விரற்கடைகூட மிச்சம் வைக்கவில்லை. கடி விழுந்தால் வெட்டித் தள்ள இடமில்லை. தன்னுடைய மரத்தில் ஒத்திகை பார்த்து ஒத்திகை பார்த்து எவெர்ட்டுக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம். கோட்டை மாட்டிக்கொண்டு சோல்வெய் வீட்டுக்குக் கிளம்பினான்.

"என்ன கிழவா, வழி தப்பி வந்துட்டியா?" என்று கதவைத் திறந்தாள் சோல்வெய். இப்போது வேலை பார்க்கும் நெடுஞ்சாலைப் பார்சல் கிடங்கின் சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"காப்பி வாசனை வந்துச்சு."

"ஊருக்கு அந்தக் கோடி வரைக்குமா? மூக்கு மட்டும் நல்லாத்தான் வச்சிருக்க. உள்ள வா, பனியை உதறிட்டு வா."

ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் வைத்தாள். அடுப்பு அணைந்திருந்தது. மேலே புகைபோக்கி விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. மறந்துவிட்டாள் போல என்று எவெர்ட் பொத்தானுக்குக் கையை நீட்டினான்.

"அது இருக்கட்டும்" என்றாள்.

வந்த விஷயத்தைச் சொன்னான். சனிக்கிழமை ஒரு நாள். பெஞ்சுக் கூலியில் சரிபாதி. அவள் ரொட்டியைப் பிய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ காசு குடுத்து அந்தப் பிளானரை வாங்கி வீட்டுல வச்சிருக்கன்னு ஊரே சிரிக்குது. எனக்குப் பாரு, சும்மாவே குடுத்தனுப்பிட்டாங்க."

"என்னத்தை?"

அவள் காதைத் தட்டிக் காட்டினாள். "இங்க. அதே சத்தம். ராத்திரி பகல் கிடையாது, ஞாயித்துக்கிழமை கிடையாது. நிறுத்துற பொத்தானை மட்டும் காணோம்."

எவெர்ட் கோப்பையைக் கீழே வைத்தான். "டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். நஷ்டஈடு கேட்டும் பாத்தேன். வயசானா எல்லாருக்கும் வர்றதுதானாம். நமக்குக் காதுமூடி குடுத்ததே கடைசிக் காலத்துலதான்னு சொன்னேன். அதுக்கு கம்பெனி சாட்சி சொல்லணுமாம். கம்பெனி எங்க இருக்கு? நீயே சொல்லு, நான் எந்தக் கதவைப் போய்த் தட்ட?"

 சாயங்காலங்களில் அந்தச் சத்தத்தை ஓடவிட்டு ஏங்கி நின்றதை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சிரு சோல்வெய். நான் கேட்டதை விட்டுரு. வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"வேற ஆளா? யாரு இருக்கா உனக்கு?" என்றாள். பிறகு அவனுக்கு இன்னொரு கோப்பை ஊற்றினாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை கராஜ் வாசலில் அவள் சைக்கிள் வந்து நின்றது. "இன்னிக்கு ஒரு நாள்தான். மறுபடி கேட்டா உதைப்பேன்" என்றபடி சந்துக்குள் நுழைந்து மறுபக்கம் போனாள். தேய்ந்த இடத்தைப் பார்த்தாள். "இதுக்குப் பெயிண்ட் அடிக்க மாட்டியா, சோம்பேறி?"

"பெயிண்ட் தீந்துபோச்சு" என்றான் எவெர்ட்.

அவளுக்காகவே புதிதாக வாங்கிய காதுமூடியைக் கொடுத்தான். மாட்டிக்கொண்டு தாடையைத் தூக்கினாள்.

முதல் பலகை போனது. அவள் கைகள் அதன் தலையை வாங்கி, இம்மியளவு தூக்கிப் பிடித்து, வால் விடுபடும்வரை கூடவே பின்னால் நடந்தன. டக் சத்தம் வரவில்லை. எவெர்ட் சந்து வழியாகப் போய்த் தடவிப் பார்த்தான். வழுவழுவென்றிருந்தது. மறுபடி ஒருமுறை தடவினான். அவள் புருவத்தை நெரித்தாள், 'இடத்துக்குப் போ' என்று.

நாலைந்து பலகைக்குப் பிறகு நிமிர்ந்து பார்த்தபோது அவள் காதுமூடியைக் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தாள். மாட்டிக்கொள் என்று கையைக் காட்டினான். தலையை ஆட்டி மறுத்துவிட்டுத் தாடையைத் தூக்கினாள். இரண்டாம் முறை கையைக் காட்டினான். அவள் பார்க்காததுபோல் இருந்துகொண்டாள். நெற்றிச் சுருக்கம் தளர்ந்து, தொழிற்சாலையில் அவன் பார்த்த பழைய முகம் வந்திருந்தது. தன்னோடு வேலை செய்கிற சந்தோஷம்தான் என்று எவெர்ட் நினைத்துக்கொண்டான். நினைக்கவே சுகமாக இருந்தது.

கடைசிப் பலகையும் முடிந்தது. பொத்தானை அழுத்தினான். பிளேடு உருளை இரைச்சல் குறைந்து, முனகி, நின்றது. சத்தம் இறங்க இறங்க அவள் முகத்தில் நெற்றி மறுபடி சுருங்குவதைப் பார்த்தான். கைகள் அடுத்த பலகையை வாங்க நீட்டியபடியே இருந்தன.

"போடு."

"தீந்துபோச்சு சோல்வெய். அதான் கடைசி."

"சும்மா ஓடவிடு."

"பலகை இல்லாமலா?"

"இது ஓடும்போதுதான் உள்ள இருக்கறது வாயை மூடுது. வீட்டு விசிறிக்கு அது பயப்பட மாட்டேங்குது." அவள் குரல் இறங்கியிருந்தது. "இத்தனை மாசத்துல இன்னிக்குத்தான் எனக்கு அது கேக்கல."

"உன் காதைக் கெடுத்ததே இதுதானேம்மா. இன்னும் கெட்டுப்போகும்."

"தெரியும். நீ போடு."

எவெர்ட் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு அழுத்தினான். இரைச்சல் எழுந்து கராஜை நிறைத்தது. சோல்வெய் தேய்ந்த இடத்தில் இடுப்பைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள். கடி விழாத பலகைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஆணியில் காதுமூடி தொங்கியது. வெறும் உருளைகள் சுற்றிக்கொண்டிருக்க, இந்த முனையில் அவனும் அந்த முனையில் அவளும் நின்றார்கள்.