நாற்பத்தெட்டு நொடிகள்

அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் தேநீர்க் கோப்பைகளை மேசையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். சிவப்பு ரோஜா போட்ட மெல்லிய பீங்கான் கோப்பைகள். கற்கண்டுக் கிண்ணமும் பாலேட்டுக் குடுவையும் அவற்றோடு சேர்ந்து உள்ளே போயின. பெயர் கோரின்னா. முப்பது வயது இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒளிபரப்பாகும் ‘பன்னிரண்டு மணி வட்டம்’ என்ற அரசியல் விவாத நிகழ்ச்சிக்காக ஹாம்பர்க்கிலிருந்து ஒரு கேமராக்காரனோடு வந்திருந்தாள்.

“கொஞ்சம் எளிமையா இருந்தா நல்லா இருக்கும் மேடம்.”

“இதுதான் எளிமை. விசேஷம்னா தங்க விளிம்பு வெச்சதை எடுப்பேன்” என்று சொல்லி, எல்லாவற்றையும் திரும்ப எடுத்து மேசையில் வைத்தேன். கேமராக்காரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

முப்பத்தொரு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். இந்த லேயர் ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் என் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தவர்கள். வங்கி மேலாளர், பல் டாக்டர், இப்போதைய மேயர்கூட. மேயருக்கு மூன்றாவது முறைதான் உரிமம் கிடைத்தது. எனக்கென்று தனியாக ஒரு பிரேக் காலடியில் இருந்த வேலை அது. யார் எந்த வேகத்தில் போனாலும் நிறுத்துவது என் காலில்தான் இருந்தது. வேலையை விட்டு ஆறு வருடமாகியும் அந்தக் கால் இன்னும் சும்மா இருப்பதில்லை.

இவர்களை வரவழைத்தது என் கணவன் ரெம்மர். ஆற்றின் மேலிருக்கிற தூக்குப் பாலத்தை முப்பத்தெட்டு வருடம் ஏற்றி இறக்கியவன். கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து கப்பல்களைப் பார்த்திருந்ததாலோ என்னவோ, பேச்சையெல்லாம் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியிடம் கொட்டுவான். அடுப்பில் மாட்டிறைச்சிச் சுருளும் சிவப்பு முட்டைக்கோஸும் வெந்துகொண்டிருக்கும். கூடத்திலிருந்து அவன் குரல் வரும். “கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுய்யா!” “போன வருஷம் வேற சொன்னியே, யாருக்கும் ஞாபகம் இல்லேன்னு நெனச்சியா?” நான்கு விருந்தினர்கள், ஒரு நெறியாளர். ‘நான் உங்களைப் பேச விட்டேன், நீங்களும் என்னைப் பேச விடுங்கள்’ என்று ஒருவர் சொல்லும்போதே மற்ற மூவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அவர்கள் சொல்வதில் அக்கறை கிடையாது. ஆனால் அந்த இரைச்சல் பிடிக்கும். முட்டைக்கோஸில் கிராம்பு போடும் நேரத்துக்கு அது சரியான துணை. என் வீட்டில் என் மனிதன் சூடாக, பசியோடு, கோபமாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு என்ன வேண்டும்?

இந்தக் குளிர்காலத்தில், எரிவாயுக் கட்டணத்தைப் பற்றி அவன் அந்த நிகழ்ச்சிக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினான். என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. பதில் வந்த அன்று முடி வெட்டிக்கொண்டு வந்தான்.

“இந்த அறைய சூடு பண்ணுவீங்களா மேடம்?” என்று கோரின்னா கேட்டாள்.

“இது வீடும்மா, பஸ் ஸ்டாப் இல்ல.”

அவள் ரெம்மரைப் பார்த்தாள். ரெம்மர் தரையைப் பார்த்தான். மூன்று மணிக்கு எனக்கு நீச்சல் குளத்தில் உடற்பயிற்சி வகுப்பு. போனேன். திரும்பி வரும்போது அவர்கள் கிளம்பியிருந்தார்கள். ரெம்மர் வழக்கத்துக்கு மாறாகப் பாத்திரங்களைக் கழுவி வைத்திருந்தான். அதிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு வந்தது. மகள் இன்சா ப்ரேமனிலிருந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாள். நானும் அன்று அடுப்பைத் தணித்துவிட்டு ரெம்மர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டு ஐந்துக்கு அந்தப் படம் வந்தது.

எங்கள் சலவை அறை. துணி துவைக்கும் இயந்திரத்தை ஒரு விரிப்பால் மூடியிருந்தார்கள். முன்னால் ஒரு மடக்கு மேசை, அதில் காது உடைந்த ஒரு குவளை. ரெம்மர் குளிர்காலக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ‘ரெம்மர், எழுபத்தொரு வயது, தனியாக இருக்கிறார்’ என்றது ஒரு பெண் குரல். சூடா, சாப்பாடா என்று தினமும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறதாம். பிறகு ரெம்மரின் சொந்தக் குரல்: “சில நாள் யோசிச்சுத்தான் ஆகணும்.” ஜன்னலில் மழைத்துளி. அவ்வளவுதான். நாற்பத்தெட்டு நொடி. திரையின் மூலையில் ஓடிய கடிகாரத்தில் பார்த்தேன்.

தனியாக இருக்கிறாராம். எங்கள் நாற்பத்து நான்கு வருடக் குடும்ப வாழ்க்கையை ஒரு வார்த்தையில் துடைத்துவிட்டார்கள்.

அடுத்த நாற்பது நிமிடம் என் கணவனை அந்த நால்வரும் பந்தாடினார்கள். ரெம்மர் பத்து வருடமாகத் திட்டிவரும் அந்தச் சிவந்த முகக்காரர் மார்பில் கை வைத்து, “ரெம்மர் போன்றவர்கள் குளிரில் தனியாக விறைப்பதை நான் அனுமதிக்க மாட்டேன்” என்றார். அரங்கம் கைதட்டியது. அந்த நிகழ்ச்சியை ரெம்மர் வாய் திறக்காமல் பார்த்தது அன்றுதான்.

தொலைபேசி அடித்தது. இன்சா.

“அம்மா, அப்பா ஏன் வாஷிங் மெஷின் ரூம்ல உக்காந்திருக்கார்?”

“அதைத்தான் நானும் கேக்கப் போறேன்.”

“நீங்க ரெண்டு பேரும் சண்டையா? பிரிஞ்சுட்டீங்களா? எங்கிட்ட மறைக்காதீங்கம்மா.”

“பிரியறதா இருந்தா மெஷினை நான் எடுத்துக்குவேன், அந்த ஆளை ரூம்ல விட்டுட்டுப் போக மாட்டேன். வை ஃபோனை.”

வைத்துவிட்டு ரெம்மர் முன்னால் போய் நின்றேன்.

“சொல்லு.”

“பதினோரு நிமிஷம் பேசினேன் ஹில்கே. எல்லாத்தையும் வெட்டிட்டாங்க.”

“கோட்டு?”

அவன் தொப்பியில்லாத தலையைத் தடவினான். “நான் எழுதினது நம்மளப் பத்தி இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். நிஜமாவே அப்படித்தான் இருக்கார். அந்தப் பொண்ணு, அவரையே காட்டணும்னு சொன்னா. அவர் வர மாட்டார், கேட்டாலே செத்துடுவார்னேன். அப்ப உங்களை வெச்சு எடுக்கறோம், முகம் இல்லாம பேச்சு மட்டும் எடுபடாதுன்னா. முப்பது வருஷமா அந்தப் பெட்டிகிட்டப் பேசறேன். ஒரு தடவையாவது அது என் பேச்சைக் கேக்கும்னு நெனச்சேன்.”

“யார் அந்த ஆள்?”

“அதைச் சொல்ல மாட்டேன். உங்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

என் பெயரை ஊர் முழுக்கக் கெடுத்துவிட்டு இவன் ரகசியம் காக்கிறான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து கால் மணி நேரம் பார்வையாளர்கள் தொலைபேசியில் பேசலாம். எண் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தினேன். எடுத்த பெண்ணிடம், “அந்தக் கோட்டுக்காரரோட மனைவி பேசறேன். உயிரோடதான் இருக்கேன். எங்க வீடு இருபத்தொரு டிகிரில இருக்கு” என்றேன். அவள் அவசரமாக, “வைக்காதீங்க மேடம், லைன்லயே இருங்க, அடுத்தது நீங்கதான்” என்றாள்.

“வேண்டாம் ஹில்கே” என்றான் ரெம்மர்.

“நீ நாற்பத்தெட்டு நொடி எடுத்துக்கிட்டே. எனக்கு இருபது போதும்.”

அப்போதுதான் வாசல் மணி அடித்தது. தொலைபேசியைக் காதில் வைத்தபடியே போய்க் கதவைத் திறந்தேன். எதிர் வீட்டு உல்ஃபெர்ட். எழுபத்தெட்டு வயது, படகுத்துறையில் வேலை பார்த்தவர், மனைவி போய் மூன்று வருடம். ஒரு கையில் பட்டாணி சூப் பானை. மறு கையில், ஒயரைச் சுற்றி இடுக்கிக்கொண்டு ஒரு சின்ன மின் கணப்பு.

“ஹில்கே, நான் எதுவும் கேக்க மாட்டேன்” என்றார். “புருஷன் பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும். ஆனா நீ அவனை அந்த ரூமுக்குத் தள்ளிட்டேன்னா, இதையாவது வெக்க விடும்மா. எழுபது வயசுல குளிர் எலும்புல இறங்கிடும்.”

“இதைக் குடுத்துட்டு நீங்க?”

“எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு.”

திரும்பி ரெம்மரைப் பார்த்தேன். கூடத்து வாசலில் நின்றிருந்தான். முகம் சுவரைப் போல வெளுத்திருந்தது. அவன் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிர் வீட்டில் இரண்டு குளிர்காலமாகச் சமையலறை ஜன்னல் ஒன்றில்தான் விளக்கு எரிகிறது. உல்ஃபெர்ட் தினமும் மதியம் நூலகத்துக்குப் போய் மூடும் வரை பேப்பர் படிக்கிறார், விஷய ஞானம் ஜாஸ்தி என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தபாலை வாங்கிக் கொடுக்கும்போது அவர் விரல்கள் என் விரலில் பட்டிருக்கின்றன. மீன்போலச் சில்லிட்ட விரல்கள். முப்பத்தொரு வருடம் காரின் மூன்று கண்ணாடியிலும் ரோட்டைப் பார்த்தவள், தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்ததைப் பார்க்கவில்லை.

காதில் நெறியாளரின் குரல் கேட்டது. “லேயர் நகரத்திலிருந்து ஓர் அழைப்பு. ஒரு முக்கியமான தகவல் வைத்திருக்கிறார். வணக்கம், சொல்லுங்கள் அம்மா.”

சொல்லத்தான் இருந்தேன். கோட்டு எங்களுடையது, குளிர் எங்களுடையதல்ல என்று ஆரம்பித்திருந்தால் போதும். அடுத்த கேள்வி, அப்படியானால் யாருடையது? இந்த மனிதர் பட்டாணி சூப்போடு என் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்குங்க” என்றேன், அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குரலைத் தாழ்த்தி. “தப்பான நம்பர் போட்டுட்டேன்.”

வைத்துவிட்டேன். சில நொடி கழித்துக் கூடத்துத் தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண் குரல் கரகரவென்று, ‘மன்னிச்சுக்குங்க, தப்பான நம்பர் போட்டுட்டேன்’ என்றது. அரங்கமே சிரித்தது.

“பாத்தியா!” என்று உல்ஃபெர்ட் பானையோடு சேர்ந்து குலுங்கினார். “யாரோ ஒரு அம்மா டிவிக்கே ராங் நம்பர் போட்டிருக்கா! நம்ம ஊர்க்காரி வேற!”

ரெம்மர் என்னைப் பார்த்தான். கல்யாணமான புதிதில் ஒருமுறை அப்படிப் பார்த்திருக்கிறான். எதற்கு என்று இப்போது நினைவில்லை.

“உள்ள வாங்க, கதவைத் திறந்து வெச்சு ஊரையா சூடு பண்றது” என்றேன். “அந்தக் கணப்பை அங்க வையுங்க. சலவை அறை பிளக்குல அதைச் சொருகினா ஃபியூஸ் போயிடும், திரும்ப எடுத்துட்டுப் போயிடுங்க. சூப்பை நான் வெச்சுக்கறேன். கறி மூணு பேருக்கு இருக்கு.”

“ரெம்மருக்கும் உண்டா?” என்று அவர் மெல்லக் கேட்டார்.

“இன்னிக்கு மட்டும்.”

மறுநாள் ரொட்டிக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. கடைக்காரி என்னிடம் பாடம் படித்தவள். பின்னால் பார்க்காமல் வண்டியைப் பின்னுக்கு எடுப்பாள். “ரெம்மரை வெளிய விட்டாச்சா?” என்று கேட்டாள். “திங்கள், வியாழன் விடுவேன். பாலம் பக்கம் போகாம இருந்தா சனிக்கிழமையும்” என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்று பேர் சிரிக்கவில்லை. மேயரின் மனைவி என் கையைப் பிடித்து, எதுவாக இருந்தாலும் பேசலாம் என்றாள். ஒரு மாதம் இது ஓடியது. ஒரு வாக்கியத்தில் நிறுத்தியிருக்கலாம். கால் துடித்தது உண்மை. பொறுத்துக்கொண்டேன். என்னைக் கொடுமைக்காரி என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்; கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த காலத்திலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். இன்சாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். “அப்பாகிட்டக் குடுங்க” என்றாள்.

உல்ஃபெர்ட் இப்போது தினமும் வருகிறார். ரெம்மரோடு வாதாட ஆள் வேண்டும், எனக்குக் காது வலிக்கிறது என்று சொல்லி வரவழைத்தேன். முதலில் ஞாயிறு மட்டும், பிறகு மூன்று மணித் தேநீருக்கு. கோப்பையில் சூடான தேநீர் விழும்போது கற்கண்டு நொறுங்குகிற ஓசைக்கு மூவரும் ஒரு நொடி பேசாமல் இருப்போம். அதன்பிறகு இருவரும் கத்தத் தொடங்குவார்கள். உல்ஃபெர்ட் அந்தச் சிவந்த முகக்காரரின் கட்சி என்று அப்போதுதான் தெரிந்தது. “உங்க ஆளு ஒரு புளுகன்யா” என்பான் ரெம்மர். “அந்தப் புளுகன்தான்டா உன்னைக் குளிர்ல விட மாட்டேன்னான்” என்பார் அவர். பேசிக்கொண்டே கம்பளிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போடுவார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

பிப்ரவரியில் ஒரு நாள் ரெம்மர் நகராட்சிக்குப் போய் ஒரு விண்ணப்பம் வாங்கி வந்தான். வாடகைக்கும் கணப்புக்கும் அரசு தருகிற உதவி. ஓய்வூதியக்காரர்கள் பாதிப் பேர் கேட்பதே இல்லையாம். எப்படிக் கொடுப்பது என்று இரண்டு நாள் குழம்பினான். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நானே அதை எடுத்து உல்ஃபெர்ட்டின் கோப்பை பக்கத்தில் வைத்தேன்.

“ரெம்மருக்குன்னு வாங்கினது. ஒண்ணு அதிகமா குடுத்துட்டாங்க” என்றேன்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு ரெம்மரை, பிறகு என்னை. அந்தப் பார்வையில் எவ்வளவு தெரிந்துகொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கையெழுத்திடும் இடத்தை விரலால் ஒருமுறை தடவினார். நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “முட்டைக்கோஸ்ல கிராம்பு கொஞ்சம் தூக்கல்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நான் பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து எதிர் வீடு தெரியும். மணி நாலரை, வெளியே பனித்தூறல் தொடங்கியிருந்தது. அவர் தெருவைக் கடந்தார், சாவியைத் தேடினார், உள்ளே போனார். வெகு நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு சமையலறை விளக்கு எரிந்தது. உல்ஃபெர்ட் கோட்டைக் கழற்றாமலே மேசை முன்னால் உட்கார்ந்து, மடித்த தாளை விரித்தார். மூக்குக் கண்ணாடியைத் துணியால் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி துடைத்தார்.