பழைய ஐம்பத்தொன்பது

...பச்சை என்றால் எந்தப் பச்சை, வெங்காயத்தாள் பச்சையா, பட்டாளத்துச் சட்டைப் பச்சையா, அதைக்கூட ஒருத்தரும் ஒழுங்காகச் சொல்லவில்லை, ஜூலை ஒன்றாம் தேதி விடிந்தால் சியோல் நகரத்துப் பஸ்கள் எல்லாம் நிறம் மாறிவிடும் என்று ஒரு மாதமாக டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள், நெடுந்தூரம் போவது நீலமாம், பக்கத்தில் போவது பச்சையாம், வெளியூர் சிவப்பு, நகர நடுவில் சுற்றுவது மஞ்சள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் கலர் பென்சில் வாங்கிக் கொடுக்கிற மாதிரி... இன்றைக்கு விடிந்தும் விட்டது. ஓக்பூன் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டுத் தூறலில் நின்று பார்த்தாள். மியா மேட்டின் உச்சியில் பஸ் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில்தான் அவள் கடை, காப்பி, சிகரெட், வெந்நீர் ஊற்றின நூடுல்ஸ், சாயங்காலமானால் சிவப்புப் பயறு வைத்த ஆவி பன், இதை விற்றுப் பெரிதாக என்ன கிடைத்துவிடும், வியாபாரத்துக்காக அவள் அங்கே உட்காரவில்லை என்பது எல்லா டிரைவர்களுக்கும் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள், காப்பியைக் குடித்துவிட்டு 'வரட்டுமா இன்ஹோ அம்மா' என்று போய்விடுவார்கள்... இன்ஹோ அம்மா, அப்படித்தான் இன்னமும் கூப்பிடுகிறார்கள், இன்ஹோ காணாமல் போய் இருபத்துமூன்று வருஷமாகிறது.

முதல் பச்சை வண்டி வளைவில் ஏறி வந்தது, நனைந்து பளபளவென்று, பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு ஆங்கில எழுத்து, நெற்றியில் நாலு இலக்க எண், நாலு இலக்கத்தை ஆறு வயசுப் பிள்ளை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளும்... ஐந்து, ஒன்பது, அவ்வளவுதான் அவனுக்கு அவள் சொல்லிக் கொடுத்தது, எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்னாலேயே அந்த இரண்டும் அவனுக்குத் தெரியும், வெள்ளையில் நீலப் பட்டை போட்ட வண்டி, ஐந்துக்குத் தொப்பை முன்னால், ஒன்பதுக்குத் தலை பெரிசு என்று சொல்லிச் சிரிப்பான், எங்கேயாவது வழி தப்பினால் ஐம்பத்தொன்பதில் ஏறிக்கோ, கதவு பக்கத்தில் நிற்கிற கண்டக்டர் அக்காகிட்ட கடைசி ஸ்டாப் என்று சொல்லு, எல்லாரும் இறங்கினாலும் நீ இறங்காதே, வண்டி இனிமேல் போக வழியில்லை என்று நிற்குமே, அங்கேதான் நம்ம வீடு. ஒரு தடவை சொன்னால் போதும் அவனுக்கு. டோங்டேமுன் சந்தையில் தைத்த சட்டைகளை இறக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினபோது பக்கத்தில் அவன் இல்லை, அன்றைக்குக்கூட முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை, நேராக மேட்டுக்கு வந்து நிறுத்தத்தில் நின்றாள், வந்துவிடுவான், அவனுக்குத்தான் தெரியுமே என்று... ஒவ்வொரு வண்டியாக வந்து கதவு திறந்து மூடியது.

பச்சை வண்டியை ஓட்டி வந்தவர் பியோ. புதுச் சீருடை தோளில் பொருந்தாமல் தொங்கியது. இறங்கி வந்து காப்பியை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "கண்ணாடில பாத்தீங்களா அக்கா, 'பழைய 59'னு பேப்பர் ஒட்டிருக்கேன். ஜனங்களுக்குப் பழகற வரைக்கும் வைக்கச் சொல்லிருக்காங்க."

"அப்புறம்?"

"அப்புறம் கிழிச்சிடுவாங்க. வேற என்ன."

"சந்தைக்குப் போகுமா இது?"

அவர் காப்பியை ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். "போகாதுக்கா. மியா முக்கு வரைக்கும்தான். அங்க எறங்கி நீல வண்டி புடிக்கணும். அது இப்போ நடு ரோட்டுல நிக்குது, ஓரத்துல நிக்காது. என்னைய கேட்டாவா மாத்தறாங்க? எனக்கே ரெண்டு எடத்துல வழி தப்பிப் போச்சு காலையில."

ஆக வழியைப் பாதியில் வெட்டிவிட்டார்கள், கடைசி ஸ்டாப்பில் இறங்கு என்றால் இனி எந்த வண்டியின் கடைசி... நேற்று இரவு சாப்பிடும்போது அவள் கணவர் மான்ஷிக் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே ஆரம்பித்தார், மேட்டு வீடுகளை எல்லாம் இடிக்கப் போகிறார்கள், நமக்கு இன்சோன் பக்கம் அடுக்குமாடியில் வீடு கிடைக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, உன் முழங்காலுக்கு நல்லது, இதையெல்லாம் அவர் பல தடவை சொல்லியிருக்கிறார், அவளும் பல தடவை அதற்கு ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறாள், அவனுக்கு இந்த இடம்தான் தெரியும். நேற்று அவள் அதைச் சொல்வதற்குள் அவரே, "இனிமே அவனுக்கும் தெரியாது, இன்ஹோ அம்மா" என்றார், கோபமாக இல்லை, ரொம்ப மெதுவாக, காய்ச்சல்காரருக்கு மருந்து கொடுக்கிற குரலில். அந்த மெதுவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை, கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள், இந்த இருபத்துமூன்று வருஷத்தில் அவரும்தானே பூச்சு வேலை முடிந்து சிமெண்டுக் கையோடு ஒவ்வொரு அனாதை இல்லமாக ஏறி இறங்கினார், எப்போது நிறுத்தினார், ஒரு நாள் நிறுத்தினாரா, கொஞ்சம் கொஞ்சமாகவா, அவள் கேட்டதே இல்லை.

கடைக் கதவை முழுதாக இறக்கினாள். பியோ வண்டிக் கதவைத் திறந்துவிட்டார். கட்டண அட்டை வைக்கிற கருவி வேலை செய்யவில்லை, சும்மா ஏறுங்கள் என்று எல்லாரையும் ஏற்றினார். சந்தைக்குப் போய்ப் பார்க்க வேண்டும், அவன் நின்ற இடத்தில் நின்று, அங்கிருந்து திரும்பி வர முடிகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மியா முக்கில் இறங்கினால் ஊரே குழம்பிக் கிடந்தது, ஆள்கள் ரோட்டோரத்தில் நின்றுகொண்டு நடுவில் போகிற வண்டிகளுக்குக் கை காட்டினார்கள், மஞ்சள் மேலங்கி போட்ட பெண்கள் துண்டுத்தாள் கொடுத்தார்கள், ஒரு கிழவர் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நான் இந்த ஊர்லயே பொறந்தவன்மா, என்னைய ஒரே ராத்திரில வெளியூர்க்காரனா ஆக்கிட்டீங்களே" என்றார், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், ஓக்பூனுக்குச் சிரிப்பு வரவில்லை. நீல வண்டி சந்தையில் இறக்கிவிட்டது. நின்றாள். துணி மூட்டைகள், மோட்டார் சைக்கிள்கள், வறுத்த கஷ்கொட்டை விற்ற இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். வண்டிகள் வந்தன, நீலம், நீலம், பச்சை, நீலம், எல்லாம் ஒரே தறியில் நெய்த துணி மாதிரி, எதற்கும் தொப்பையில்லை, பெரிய தலையில்லை, இங்கே நின்று எப்படிக் கண்டுபிடிப்பான், யாரைக் கேட்பான், அந்தக் கண்டக்டர் அக்காமார்கள்கூட எப்போதோ போய்விட்டார்கள்... குடைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, பழைய ஐம்பத்தொன்பது இங்கதான வரும்?"

பக்கத்தில் வந்து நின்ற ஆள். கையில் கறுப்புக் குடை, தோளில் தோல் பை. அவள், "இப்போ வராதுப்பா, நீலத்துல ஏறி மியா முக்குல மாறணும், நானும் அங்கதான் போறேன், வா" என்றாள். "நல்லவேளை" என்றான், குரல் இளசாகவும் இல்லை, முதிர்ந்தும் இல்லை. வண்டி வந்ததும் அவளை முன்னால் ஏறவிட்டு, யாரையோ எழுப்பி அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்துவிட்டு அவளருகே நின்றுகொண்டான். "சின்ன வயசுல இதுலதான் போவோம்" என்றான், "எங்கேன்னு ஞாபகமில்ல, மேடேறும், அவ்வளவுதான் ஞாபகம்." அவள், "எல்லா மேட்டுக்கும் அப்போ பஸ் போச்சு" என்றாள், ஏன் அப்படிச் சொன்னாள்... அவன் போன் அடித்தது. "ஆமாம்மா, எல்லாம் மாறிக் கெடக்கு. ஒரு அம்மாதான் வழி காட்டறாங்க. சாப்டுட்டேன்மா. சரிம்மா, மழையில வெளிய வராத." ஓ, அம்மா இருக்கிறாள், என்று நினைத்ததும் உள்ளே எதுவோ தளர்ந்து உட்கார்ந்தது, நிம்மதியா அது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மியா முக்குக்கு முன்னாலேயே, "என் ஆபீஸ் இங்கதாம்மா, பாத்துப் போங்க" என்று இறங்கிவிட்டான், கதவு மூடியது, நடு ரோட்டு நிறுத்தத்தில் ஒரே குடைக் கூட்டம்.

நல்ல பிள்ளை, என்று நினைத்தாள், அந்த நல்ல பிள்ளையின் முகத்தை மனதில் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை. குடை வருகிறது, குடையைப் பிடித்த கை வருகிறது, பையின் வார், பெல்ட், பாண்ட்டின் நனைந்த முழங்கால், அதற்கு மேலே ஒன்றும் இல்லை. இவ்வளவு நேரம் பேசினோமே, முகத்தைப் பார்க்கவே இல்லையா... வண்டி மறுபடி நின்று கதவு திறந்தது, அவள் கண்கள் தானாகப் போய் நின்ற இடத்தை அப்போதுதான் கவனித்தாள், படிக்கட்டில் ஏறுகிறவர்களின் இடுப்பு உயரத்தில், ஆறு வயதுத் தலை வந்து நிற்குமே, அங்கே. கடையில் உட்கார்ந்து இத்தனை வருஷமும் அங்கேதான் பார்த்தாளா, எத்தனை வண்டி, எத்தனை கதவு, சின்னத் தலை இல்லை என்றதும் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தாளே, இறங்கினவர்களில் உயரமானவர்களை, மீசை முளைத்தவர்களை, பட்டாளத்து உடுப்பில் வந்தவர்களை, ஒருத்தனைக்கூட நிமிர்ந்து பார்த்ததில்லையே... அவன்தான் அம்மாவோடு போனில் பேசினானே, என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள், அவனுக்கு அம்மா இருக்கிறாளே. ஆனால் இன்ஹோ உயிரோடு இருந்தால் அவனையும் யாரோ ஒருத்தி சோறு போட்டு வளர்த்திருப்பாள், மழையில் வெளியே வராதே என்று அவளிடம்தான் அவனும் சொல்வான், அம்மா என்றுதான் கூப்பிடுவான். வண்டி குலுங்கியது, கைப்பிடியில் தொங்கிக்கொண்டு நிறைய ஆண்கள் நின்றார்கள், ஓக்பூன் கழுத்தை மெல்ல மேலே தூக்கி, முதல் ஆளின் முகத்திலிருந்து பார்க்கத் தொடங்கினாள், அவர் என்ன என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார், அவள் கண்ணை எடுக்கவில்லை.