அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் கிளம்பவே மாட்டேனென்கிறது என்று அண்ணன் போன் செய்தார். பழுது பார்ப்பது தங்கையின் தொழில். இரண்டு வருடமாக வாவென்று சொல்லாத வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறி சுற்றியது, மூன்று முறை பீப் சத்தம் வந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஒயரைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்த ரேம் என்ற நினைவகப் பட்டையை உருவி, அதன் விளிம்பை ரப்பரால் தேய்த்து, மறுபடி அழுத்திப் பொருத்தினாள். ஒயரைச் செருகிப் பொத்தானை அழுத்தியதும் இந்த முறை திரை வெளிச்சமானது.

திரை முழுக்க அண்ணன் மகளின் கல்யாணப் படம். மேடை கொள்ளாத கூட்டம். பக்கத்து வீட்டுக்காரர்கூடப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"யாரையும் கூப்பிடலை, கையெழுத்துப் போட்டு முடிச்சுட்டோம்னு சொன்னீங்களே அண்ணா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "புருஷனை விட்டுட்டு வந்தவ தனியா வந்து நின்னா, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கன்னு உங்க அண்ணிதான்..."

கதவோரம் நின்றிருந்த அண்ணி சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

தங்கை மூடியின் நான்கு திருகுகளையும் நிதானமாக முடுக்கினாள். "இப்பவும் தனியாத்தானே வந்திருக்கேன்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இனிமே ரிப்பேர்னா என் கடைக்கு எடுத்துட்டு வாங்க. எல்லாரும் அங்கதான் வர்றாங்க."