எந்தக் குச்சியும் எந்தத் துளையிலும்

சோலையம்மாள் கொதிக்கும் குழம்பைக் கிளறியபடி, பெரிய செய்தியாக இல்லாமல்தான் அதைச் சொன்னாள்.

"உங்க பட்டறையில செஞ்ச பலகை ஜோராத்தான் இருக்கு. இன்னைக்கு ஒரு குச்சி மட்டும் இறங்க மாட்டேன்னு அடம்பிடிச்சுச்சு. கொட்டாப்புளிக் கட்டையால ரெண்டு தட்டு தட்டுனேன், போயிருச்சு."

"உள்ள வெடிமருந்து இருக்கும்போதா?"

"பின்ன, வெறுங்குழாயிலயா தட்டுவாக?"

இசைவாணி சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். டிப்ளமோ முடித்து, ஆமத்தூரில் சீனிவாசகத்தின் லேத் பட்டறையில் வரைபடம் போடுகிறவள் அவள். எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையில் அம்மா வெடிமருந்து அடைக்கும் அறைக்கான பித்தளைப் பலகைகளும், அவற்றின் துளைகள் வழியே இறங்கிக் காகிதக் குழாய்களில் மருந்தை அமுக்கும் பித்தளைக் குச்சிகளும் அவளுடைய வரைபடத்தின்படி செய்யப்பட்டவை.

"மொத நாளும் இப்படித்தான் இருந்துச்சா?"

"மொத நாள் அம்புட்டும் வழுக்கிக்கிட்டுப் போச்சு. கழுவி வச்ச பெறகுதான் ஒண்ணு ரெண்டு மக்கர் பண்ணுது."

"எப்படிக் கழுவுவீக?"

"அதென்ன கேள்வி? சாயங்காலம் எல்லாக் குச்சியையும் ஒரே அண்டாவுல கொட்டிக் கழுவுவோம். காலையில கைக்கு வந்ததச் சொருகுவோம்."

இசைவாணி லேத் ஓட்டும் வெள்ளைத்துரையைக் கைப்பேசியில் அழைத்தாள். அவன் குரலில் பெருமை இருந்தது.

"என்ன இன்ஜினியரம்மா, பாராட்டவா கூப்பிட்டீக? ஒவ்வொரு குச்சியையும் அதது ஓட்டைக்கு உப்புத்தாள் போட்டு ஜோடி சேத்தேன். அதனாலதான் அப்படி வழுக்குது."

"ஜோடி மாறினா?"

"ஏன் மாறப்போகுது?" அவன் குரல் இறங்கியது. "நான் உங்க டிராயிங்க விட்டு வெளிய போகலம்மா."

அவன் சொன்னது உண்மை. துளை பன்னிரண்டு மில்லிமீட்டர், குச்சி பதினொன்று புள்ளி ஒன்பது என்று அவள் எழுதியிருந்தாள். தாளின் மூலைக் கட்டத்தில், லேபிள் அச்சு இயந்திரப் பாகங்களுக்காக எப்போதோ போட்ட பொதுக் குறிப்பு அப்படியே இருந்தது: குறிக்கப்படாத இடத்தில் டாலரன்ஸ், அதாவது அளவு விலகல், கூட்டியோ குறைத்தோ புள்ளி ஒன்று. அந்தக் குறிப்பின்படி துளை பதினொன்று புள்ளி ஒன்பதாகவும் குச்சி பன்னிரண்டாகவும் வரலாம்; துளையைவிடப் பெரிய குச்சியும் சரியான குச்சியே. அச்சு இயந்திரத்தில் அப்படி ஒன்று நுழையாது, அவ்வளவுதான். இங்கே பாதியில் சிக்கும்; தட்டினால் மருந்தோடு சேர்ந்து உரசும், தீப்பிடிக்கும்.

"நாளைக்கு வேலைக்குப் போகாதம்மா."

"நான் போகலேன்னா பலகை சும்மாவா கெடக்கும்? தங்கத்தாய் வந்து உக்காருவா," என்றாள் சோலையம்மாள். "அவளுக்கு ரெண்டும் கைப்பிள்ளைக."

பட்டறை முதலாளி சீனிவாசகமோ, அவள் அழைத்துச் சொன்னதை முழுதாகக் கேட்கவில்லை. "சீசன் நேரத்துல பலகையத் திருப்பிக் கேக்கவா? நம்ம பேரு என்னாகும் தாயி? டிராயிங்ல உன் கையெழுத்துதான் கெடக்கு, ஞாபகம் வச்சுக்கோ."

மறுநாள் விடிந்ததும் அவள் அம்மாவுடன் ஆலை வேனில் ஏறினாள். வாசலில் செருப்பையும் கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். போர்மேன் பாண்டிச்செல்வம் அவள் பேசி முடிக்கும்வரை பல் குத்திக்கொண்டிருந்தார்.

"சீனிவாசகம் அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலையே."

"டிராயிங் போட்டது நான். தப்பு அதுலதான் இருக்கு. கழுவின குச்சியும் ஒரு காலிப் பலகையும் குடுங்க, போதும்."

அண்டா அருகே, மருந்தறைக்கு வெகு தள்ளி, ஈரக் குச்சிகளை எடுத்து ஒவ்வொன்றாகத் துளையில் விட்டாள். முதலாவது இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. "நல்லாத்தான போகுது," என்று பாண்டிச்செல்வம் சிரித்தார். "காலங்காத்தால பயமுறுத்த வந்துட்ட."

மூன்றாவது பாதியில் நின்றது. அவர் குனிந்து கட்டைவிரலால் அழுத்தினார். அசையவில்லை. பழக்கத்தில் அவர் கை பக்கத்திலிருந்த கொட்டாப்புளியை எடுத்து ஓங்கியது, ஓங்கியபடியே நின்றது. அவர் அந்த மரக்கட்டையைப் பார்த்தார், பிறகு மருந்தறையின் திறந்த கதவைப் பார்த்தார். அதை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"எல்லாப் பலகையையும் வெளிய எடுங்க," என்றார்.

பெண்கள் மர நிழலில் வேலையின்றி உட்கார்ந்தார்கள். "மக படிச்ச படிப்பு நம்ம வயித்துல அடிக்குது, மதினி," என்றாள் தங்கத்தாய். சோலையம்மாள் மகள் இருந்த பக்கம் திரும்பவில்லை.

பட்டறைக்கு வந்ததும் இசைவாணி மூலைக் குறிப்பை அழித்தாள். துளை 12.00 முதல் 12.05 வரை, குச்சி 11.80 முதல் 11.85 வரை. அதன் கீழே எழுதினாள்: 'கழுவிக் கலந்த பின்னும் எந்தக் குச்சியும் எந்தத் துளையிலும் தன் எடையிலேயே இறங்க வேண்டும். தட்டக் கூடாது.'

பின்னால் நின்று வாசித்த சீனிவாசகம், "டிராயிங்ல போயி யாராவது கதை எழுதுவாகளா?" என்றார்.

அவள் கணினியில் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தாள். போன சீசனில் விஸ்வநத்தத்து ஆலை ஒன்றுக்குப் போன பலகை. மூலையில் அதே குறிப்பு.

"அங்கயிருந்து எந்தப் புகாரும் வரலையே," என்றார் அவர்.

"வந்து சொல்றதுக்கு எங்கம்மா அங்க வேல பாக்கல, அண்ணாச்சி."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இசைவாணி அந்த ஆலைப் போர்மேனின் எண்ணைத் தேடி அழைத்தாள். வேலை நேரம், அங்கேயும் கைப்பேசிகளை வாசலில்தான் வாங்கி வைத்திருப்பார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.