மூன்றாம் மாடி எழுதப்படவில்லை

கமலவேணி வேலை பார்த்த கணினிக்குள் மூன்று டிரைவர்கள் இருந்தார்கள். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பிரிண்டருக்கு ஒருவர், கேமராவுக்கு ஒருவர், ஹார்டு டிஸ்க்குக்கு ஆறுச்சாமி. ஏதாவது கெட்டுப்போனால் ஜன்னலுக்கு வந்து கமலவேணியிடம் சொல்லவேண்டும்.

பிரிண்டர் டிரைவர் வந்து அழுவார். கேமரா டிரைவர் “சைபர்” என்பார். அவருக்குச் சைபர் என்றால் நாசம். ஆறுச்சாமியும் சைபர் என்றுதான் சொல்வார். அவருக்கு அது சுகம்.

மாலையில் அலுவலகக் கட்டடத்தை டிஸ்க்கில் எழுதிவைப்பார்கள். காலையில் எடுத்துப் பிரித்து நிறுத்துவார்கள். செவ்வாய்க்கிழமை பிரித்தபோது இரண்டாம் மாடிக்கு மேல் நான்காம் மாடி உட்கார்ந்திருந்தது. மூன்றில்தான் கமலவேணியின் கணவன் சிவராசு முந்தின ராத்திரி ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆறுச்சாமிண்ணா, மூணாவது மாடி எங்கீங்க?”

“எழுதியாச்சுங்க அம்மிணி. சைபர்.”

“மாடியே இல்லீங்களே!”

“நான் சொல்ற முறைக்குச் சொல்லிப்போட்டேனுங்க.”

மேனேஜர் கனகசபாபதி வந்தார். “மாடி கெடக்கட்டும். பிரிண்டர்காரர் அழுகையை நிறுத்தச் சொல்லுங்க. கிளையன்ட் வர்றாங்க.”

அப்போது மாமியார் போனில் கூப்பிட்டாள். “ராத்திரி சிவராசு வரலியே?”

“வேலையா இருக்கறாருங்க அத்தை. நல்லா இருக்கறாரு.”

போனை வைத்தபோது ஆறுச்சாமி அவளைச் சக டிரைவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவளுக்குச் சுருக்கென்றது. நேராகப் பெஞ்சுக்குப் போனாள்.

“இனிமே மூணு பேரும் ஒரே மாதிரிதான் சொல்லோணும். முடியலைன்னா முடியலை. எதனால முடியலைன்னும் சொல்லோணும். எடுத்த சாமானைத் திருப்பி வெச்சுப்போடோணும். அழுகையும் வேண்டாம், சைபரும் வேண்டாம்.”

பிரிண்டர் டிரைவர் மூக்கைச் சிந்தினார். “முடியலைங்க. பேப்பர் சிக்கிக்கிச்சு.”

“முடியலைங்க. மூடியே தொறக்கலை, வேலைக்குச் சேந்ததுலருந்து” என்றார் கேமரா டிரைவர்.

ஆறுச்சாமி தரையைப் பார்த்தார். “முடியலைங்க அம்மிணி. டிஸ்க்குல இடம் பத்தலை.” பாக்கெட்டிலிருந்து மூன்றாம் மாடியை எடுத்து நீட்டினார். எட்டாக மடித்திருந்தது. “திருப்பி வெக்கறதுக்கும் எடம் வேணுமுங்களே?”

அவரும் கமலவேணியும் மேனேஜர் அறையைப் பார்த்தார்கள். அது பெரிய அறை.

மத்தியானம் மூன்றாம் மாடி எழுந்து நின்றது. கனகசபாபதி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். “என் ரூம் எங்கய்யா?”

“முடியலைங்க சார். இடம் பத்தலை” என்றார்கள் மூவரும்.

“பரவால்லையே, ஒரே மாதிரி சொல்றாங்களே” என்று பாராட்டிவிட்டு, அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

அவரைத் தாண்டிக்கொண்டு சிவராசு இறங்கி வந்தான். முகத்தின் குறுக்கே மடிப்பு விழுந்திருந்தது. கமலவேணி உள்ளங்கையால் நீவினாள். போகவில்லை.

“வலிக்குதுங்களா?”

“அதெல்லாம் இல்லை.”

அவள் கையை எடுக்காமல் நின்றாள்.

“வலிக்குது புள்ளே” என்றான். “உள்ளே ஒரே இருட்டு. பயந்துட்டேன்.”

அவனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, கமலவேணி இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணப் போனாள்.