அளந்து வைத்த தோட்டம்

மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்து, வாடகை நாற்காலிகளை டிரைவர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தபோது பின்சந்தில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. கதவைத் திறந்தால், வண்டி நிறையச் செடிகள்.

"அம்மா இருக்காங்களா? இன்னைக்குச் சாயங்காலம் கொண்டாரச் சொன்னாங்களே," என்றான் நர்சரிக்காரன்.

டிரைவர் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாதி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன நாளில்கூட அவர் நிதானம் தவறியதில்லை. இப்போது கையிலிருந்த நாற்காலியை நர்சரிக்காரனிடமே நீட்டினார். அதற்குள் மைத்துனன் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தான். செடிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "இது செம்பருத்தி. இது மல்லிகைக் கொடி, சுவர் ஓரம் வைக்கணும்னு அக்கா சொல்லிச்சு," என்று ஒவ்வொன்றாக இறக்கினான்.

டிரைவருக்கு வயிறு எரிந்தது. பெண்டாட்டி செத்து ஒரு நாள்தான் ஆகிறது, எரியக்கூடாத நேரம் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் எரிந்தது. இத்தனை செடிக்கு அவள் சொல்லிவைத்திருக்கிறாள். எங்கேயோ இருக்கிற தம்பிக்கு அது தெரிந்திருக்கிறது, பக்கத்தில் படுத்துத் தூங்கியவருக்குத் தெரியவில்லை.

எல்லாம் இந்த ஐந்தாறு மாதக் கூத்து. அதற்குமுன் அவள் ஒரு செடி வளர்த்தவள் இல்லை. முதன்முதலாக வாங்கிய ரோஜாவை மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றியே கொன்றாள். அந்த லட்சணத்தில், பின்பக்கம் முழுவதையும் மாற்றிப் போடப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் தம்பியிடமிருந்து போன் வந்துவிடும். மண், நிழல், பாத்தி என்று இருவரும் குசுகுசுவென்று பேசுவார்கள். "என்னவாம்?" என்று இவர் கேட்டால், "செடி விஷயம். உங்களுக்கு எதுக்கு அது?" என்பாள்.

இவரிடம் அவள் பேசியதெல்லாம் சர்க்கரையும் நடையும்தான். இவருக்குச் சர்க்கரை வியாதி; டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். இவருக்கோ உடம்பு வணங்காது. முழங்கால் வலியோடு பின்படியில் உட்கார்ந்துகொண்டு அவள்தான் விரட்டுவாள். "குழாயிலேருந்து அந்த மூலை வரைக்கும் போங்க. எட்டி வைக்காதீங்க, எப்பவும் நடக்கிற மாதிரி நடங்க. காலடியை எண்ணிச் சொல்லுங்க."

"நான் என்ன செக்குமாடா?" என்று முணுமுணுத்துக்கொண்டே நடப்பார். எண்ணியும் சொல்வார். அவள் மடியில் எதையோ கிறுக்கிக்கொண்டிருப்பாள். சர்க்கரைக் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்.

நேற்றுக் காலை காபி கொண்டுபோய் வைத்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களும் மைத்துனனைத்தான் கட்டிக்கொண்டார்கள். "தம்பின்னா அவளுக்கு உசுரு," என்று இவர் காதுபடவே சொன்னார்கள். அழுகையிலும் அவனே முந்திக்கொண்டான். இவருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

"அத்தான், நாளைக்கு நான் ஊருக்குப் போகணும். இன்னைக்கே நட்டுருவோம். அக்கா பிளான் போட்டு எனக்கு அனுப்பியிருக்கு, பாருங்க." மைத்துனன் போனை நீட்டினான்.

கோணல்மாணலாக அவள் கையால் வரைந்த படம். பாத்தி, நடைவழி, பெஞ்சு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண். தன் வீட்டுப் பின்பக்கத்தை இவன் போனில் பார்க்க வேண்டும் என்று தலையெழுத்து. "கண்ணாடி இல்ல," என்று சட்டைப்பையில் கண்ணாடியை வைத்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

மைத்துனன் டைல்ஸ் கடைக்காரன். சாவு வீட்டுக்குக்கூட இடுப்பில் டேப் இல்லாமல் வரமாட்டான். படத்தைப் பார்த்துப் பார்த்து அடிக்கணக்கில் அளந்தான், குச்சி நட்டான், கயிறு கட்டினான். கட்டி முடித்து நிமிர்ந்தால், தோட்டம் மொத்தமும் குழாயடியிலேயே ஒடுங்கிக் கிடந்தது. நடைவழியில் ஒரு பூனைதான் போகலாம். மிச்ச இடமெல்லாம் வெறும் தரை.

"வரலியே..." மறுபடி அளந்தான். "பாவம், அக்காவுக்கு அளவே தெரியல அத்தான். இந்தப் பெஞ்சுல உக்காந்தா முழங்கால் பாத்திக்குள்ள போயிரும்."

டிரைவருக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. படட்டும், நன்றாகப் படட்டும். எல்லாம் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லையே.

"சரி, நானே புதுசா ஒரு பிளான் போட்டுர்றேன். நடுவுல டைல்ஸ் ஒட்டிட்டா சுத்தமா இருக்கும்." மைத்துனன் முதல் குச்சியைப் பிடுங்கினான்.

"குழாயிலேருந்து மூலைக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கா?" கேட்கக்கூடாது என்றுதான் இருந்தார். வாய் கேட்டுவிட்டது.

"பதினாலு. டேப்புல முப்பத்தஞ்சு அடி வருது. எங்க பதினாலு, எங்க முப்பத்தஞ்சு?"

பதினாலு. "பதிமூணா பதினாலா, சரியாச் சொல்லுங்க," என்று படியிலிருந்து அவள் அதட்டியதும், இவர் கோபத்தோடு திரும்பவும் நடந்து காட்டியதும் நினைவுக்கு வந்தன.

டிரைவர் போனை வாங்கினார். இந்தத் தடவை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நடைவழிக்கு இரண்டு. படிக்கு எதிரே பாத்திக்கு ஒன்பது. அவ்வளவும் இவர் வாயால் சொன்ன எண்கள். சொல்லாமல் இருந்துவிடலாம். இந்த ஒன்றாவது தனக்கு மட்டும் தெரிந்ததாக இருந்துவிட்டுப் போகட்டுமே. மைத்துனன் அடுத்த குச்சியில் கை வைத்தான்.

"அதைத் தொடாத," என்றார். "டேப்பைச் சுருட்டி வை."

"ஏன் அத்தான்?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைக் குழாய்க் கல்லில் ஒட்டி வைத்து நின்றார். பிறகு நடந்தார். எட்டி வைக்காமல், எப்பவும் நடக்கிற மாதிரி. மைத்துனனுக்குப் புரிய இரண்டு பாத்திகள் ஆயின. புரிந்தபிறகு அவன் டேப்பை இடுப்பில் செருகினான். இவர் நிற்கிற இடத்திலெல்லாம் குனிந்து குச்சியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தான். கயிறு மூலைவரை போனது.

கடைசியாகப் பெஞ்சு. அவர் நடந்து போய் நின்றார். மைத்துனன் குச்சியோடு காத்திருந்தான்.

அவர் பின்படிப் பக்கம் திரும்பி, "ஆறு," என்று உரக்கச் சொன்னார்.